குட்டிக்கு வந்த மறதி

சூப் பொடி போடும் அந்தத் தொழிற்சாலையில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. மேலாளர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் நாக்கக்காதான். கேலிக்கு வைத்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள், மரியாதைக்கு வைத்தது. கலவை அறையில் பொடி தயாரானதும் அதில் ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்து, சின்னக் குவளையில் ஊற்றி அவள் மேசைக்கு அனுப்புவார்கள். அவள் ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். சரி என்றால் குவளைக்கு முன்னால் பச்சை வில்லை, சரியில்லை என்றால் சிவப்பு வில்லை. பச்சை விழாமல் ஒரு பொட்டலம்கூட அந்த வாசலைத் தாண்டாது.

அந்த அறையில் இன்னொரு நாக்கும் உண்டு. ஒரே ஆள் சொல்வதை நம்பிப் பொட்டலம் கட்டுவதில்லை என்பது அங்கே பழக்கம். நடுவில் ஒரு தடுப்பு, அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. இரண்டு பேரும் வில்லை போடும்வரை பேசக் கூடாது, செருமக்கூடக் கூடாது. அந்தப் பக்கத்து நாக்கு வேறு யாருமில்லை, நாக்கக்காவின் நாத்தனார்தான். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் பேசாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் இதுதான் என்று பொட்டலம் கட்டும் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

குடித்துப் பார்த்ததைத் துப்பிவிட வேண்டும் என்பது விதி. அதற்காகவே மேசைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியும் குழாயும் வைத்திருந்தார்கள். நாத்தனார் ஒழுங்காகத் துப்புவாள். நாக்கக்கா துப்ப மாட்டாள். ருசியைத் தூக்கிக் கொடுப்பதற்கென்று பொடியில் ஒரு உப்பு சேர்ப்பார்கள். கலவை அறையில் அதற்கு வெள்ளை என்று பேர். சாதா உப்பு போல அது நுனி நாக்கில் நிற்காது, தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் மெல்ல எழுந்து வரும் என்பாள் நாக்கக்கா. துப்புகிறவளுக்குப் பாதி ருசிதான் தெரியும் என்பது அவள் கட்சி. அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அத்தனையையும் முழுங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளை, நிறத்துக்குப் போடுவது, கெடாமலிருக்கப் போடுவது, கட்டி தட்டாமலிருக்கப் போடுவது, எல்லாம்தான். வெள்ளை ஒரு சிட்டிகை கூடினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதும் உண்மை. பொய் சொல்லக் கூடாது.

பயம் வந்தது சாப்பாட்டு இடைவேளையில். பொட்டலம் கட்டும் பெண் ஒருத்தி கைபேசியை நீட்டினாள். அதில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் டாக்டரோ, துணிக்கடைக்காரியோ, யார் கண்டது? பொட்டலச் சாப்பாட்டில் போடுகிற பொடிகள் பிள்ளைகளின் மூளையைக் கரையான் மாதிரி அரிக்கின்றன, முதலில் சின்னச் சின்ன மறதி வரும், பிறகு பிள்ளை பொய் பேச ஆரம்பிக்கும், கடைசியில் பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் போகும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மற்ற பெண்கள் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து கைகழுவப் போனார்கள். நாக்கக்கா மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. வாயில் இருந்த ரொட்டி இறங்கவில்லை.

ஏன் இறங்கும்? படம் கோணலாக அச்சான பொட்டலம், ஓரம் சரியாக ஒட்டாத பொட்டலம் இவற்றையெல்லாம் வேலைக்காரர்களே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நாக்கக்காவின் மகள், வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள், பல் முளைத்த நாளிலிருந்து அந்த சூப்பில் வளர்ந்தவள். காய்ச்சலா, சூப். பசியா, சூப். அம்மா வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டதா, சூப். நாக்கக்காவே பச்சை வில்லை போட்டு அனுப்பிய பொடிதான். என் கையாலேயே கரைத்து என் கையாலேயே ஊட்டினேனே என்று அவள் மனது அடித்துக்கொண்டது. குட்டி ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்று ஆனால் நாக்கக்கா இருந்தும் ஒன்றுதான், இல்லாமலிருந்தும் ஒன்றுதான்.

அன்றைக்கே அலமாரியைக் காலி பண்ணினாள். சூப்பு, பிஸ்கட்டு, வறுவல், ஜாம், ஒன்றையும் விடவில்லை. இனிமேல் வேகவைத்த முட்டையும் காயும் பழமும்தான் என்று சட்டம் போட்டாள். அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். பேச்சுக் குறைந்த மனுஷன். பயணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து தட்டில் உப்புச் சப்பில்லாத காயைப் பார்த்தவர் ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். குட்டி அதுவும் விடவில்லை.

ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தால் எதுதான் தெரியாது? ஒரு சாயங்காலம் நாக்கக்கா வேலை முடிந்து வந்தாள். வீடு பூட்டிக் கிடந்தது. அவளிடம் சாவி இல்லை. குட்டி பள்ளி விட்டு, தோழி வீட்டுக்குப் போய்ப் பாடம் எழுதிவிட்டு ஆடி அசைந்து வரும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாவியைக் கீழே தையல் கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தேனே, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள். குட்டி விழித்தாள்.

"நீ அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லையேம்மா."

 காலையில் குட்டி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னது நாக்கக்காவின் கண்முன் நிற்கிறது. அதைப் பிள்ளை மறந்தது மட்டுமா, சொல்லவே இல்லை என்று சாதிக்கவும் செய்கிறாள்! முதலில் மறதி, பிறகு பொய். கண்ணாடிக்கார அம்மாள் சொன்ன வரிசை பிசகவில்லை. அந்தப் படியிலேயே தலையில் கைவைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். தையல் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். குட்டி புத்தகப் பையோடு நின்றுகொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதம்மா. சொன்ன, சொன்ன. நான்தான் மறந்துட்டேன்."

அதற்குப் பிறகு குட்டி ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லவில்லை. பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டு, பெற்றோர் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை, வருவதாகப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினீர்களே என்று கேட்டாள். நாக்கக்கா கைபேசியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்று நீ சொல்லவே இல்லையே என்றாள். குட்டி தலையைக் குனிந்துகொண்டு, மறந்துபோச்சும்மா என்றாள். இன்னொரு நாள் சாப்பிட உட்கார்ந்தால் காயில் உப்பு கரித்துக்கொட்டியது. வேறு எந்த வீட்டில் கரித்தாலும் போகட்டும், நாக்கக்கா வீட்டில் கரிக்கலாமா? நான் ஒரு தடவை போட்ட பிறகு யார் மறுபடியும் போட்டது என்று கேட்டாள். வீட்டில் இருந்தது மூன்று பேர். டிரைவர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். குட்டி கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குகிற மாதிரி.

டிரைவர் மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துவிட்டார். இந்த மனுஷனுக்குப் பிள்ளையைப் பற்றி ஒரு கவலையும் இல்லையே என்று நாக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலைதோறும் பரீட்சை நடந்தது. முட்டை ஓட்டை உரித்துக்கொண்டே அவள் கேட்பாள், நேற்று என்ன சாப்பிட்டாய், யாரோடு பேசினாய், அத்தைக்குப் பிறந்த நாள் எப்போது. குட்டி எல்லாவற்றுக்கும் பதில் சொல்வாள். சில நாள் கேட்டதையே மறுபடி கேட்கிறபோது குட்டி கொஞ்சம் நிறுத்தி, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, முதல் தடவை சொல்வது போலவே பொறுமையாகச் சொல்வாள். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதுதான் நாக்கக்காவின் உயிரை எடுத்தது. பாரேன், யோசித்து யோசித்துச் சொல்கிறதே என்று நினைத்துக்கொள்வாள். பிள்ளை தூங்கினால் கண் இமை துடிக்கிறதா என்று பார்ப்பாள். கையெழுத்து கோணுகிறதா என்று நோட்டைப் பிரிப்பாள். குட்டி வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வந்தாள். அதுவும் நாக்கக்காவுக்கு ஆறுதலாக இல்லை. அணைகிற விளக்கு கடைசியில் நன்றாக எரியும் என்று கண்ணாடிக்கார அம்மாள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

வேலையிலும் மனது ஓடவில்லை. இதில் நாத்தனாரின் தொந்தரவு வேறு. முன்பெல்லாம் தன் பக்கத்தைத் தாண்டாதவள், இப்போது ஒவ்வொரு குவளைக்கும் வில்லை விழுந்ததும் தடுப்பைச் சுற்றிவந்து அந்தக் குவளையைத் தூக்கிக்கொண்டு போனாள். என் மேசையில் உனக்கு என்ன வேலை என்று நாக்கக்கா கேட்டால், கழுவப் போடத்தான் அண்ணி என்பாள். கழுவுவதற்கு வேறு ஆள் இருக்கிறது. நாத்தனார் அப்படி எடுக்காத ஒரு நாள், கலவை அறைக்காரர் வந்து பார்த்தால் நாக்கக்காவின் மேசையில் ஒரே குவளைக்கு முன்னால் பச்சையும் கிடக்கிறது, சிவப்பும் கிடக்கிறது. எதை நம்புவது என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். யார் இந்த விளையாட்டு விளையாடியது என்று நாக்கக்கா சத்தம் போட்டாள். 

நாத்தனார்தான் முன்னால் வந்தாள். அண்ணியின் மேசையைத் துடைக்கும்போது கைதவறி ஒரு வில்லை விழுந்துவிட்டது என்றாள். மேலாளர் அவளை நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கியவள் கோபப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நாக்கக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் இருந்தாள்.

"அண்ணி, இனிமே நீங்களும் துப்பிடுங்களேன். எனக்காக."

எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றாள் நாக்கக்கா. எத்தனை வருஷமாக முழுங்குகிறேன், ஒரு தலைவலி உண்டா? என் உயிரெல்லாம் குட்டி மேல்தான் என்றாள்.  பிள்ளைக்கு மறதி முற்றிக்கொண்டே வருவதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சாவி, கூட்டம், உப்பு. நாத்தனார் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண் கலங்குவதைப் பார்த்ததும் நாக்கக்காவுக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஆயிரம் இருந்தாலும் அத்தை அத்தைதானே என்று நினைத்துக்கொண்டாள்.

விடுமுறை நாள் ஒன்றில் அது நடந்தது. பள்ளிக்குப் போடுகிற செருப்பு அறுந்துவிட்டதென்று டிரைவர் மகளைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தார். நாக்கக்கா அடுப்பில் முட்டையை வேகவைத்துவிட்டு, துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே எதிர்வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். அவளிடமும் குட்டியின் கதைதான். எவ்வளவு நேரம் பேசினாளோ தெரியாது. கீழே யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. இறங்கி ஓடி வந்தால் வீட்டு வாசலிலிருந்து கரும்புகை சுருண்டு சுருண்டு வருகிறது. பாத்திரத்தில் தண்ணீர் வற்றி, முட்டை வெடித்துக் கருகி, பக்கத்தில் தொங்கிய கைத்துணியில் நெருப்புப் பிடித்து அது ஜன்னல் திரைக்கும் தாவியிருந்தது. டிரைவர் அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். திரையை இழுத்துக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். தையல் கடைக்காரர் வாளியோடு நின்றார். குட்டி புதுச் செருப்புப் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்று இருமிக்கொண்டிருந்தாள்.

 நாக்கக்கா மகளை வாரி எடுத்து, தலை, கை, முகம் எல்லாம் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் உயிர் வந்தது. உயிர் வந்ததும் கேள்வியும் வந்தது.

"அடுப்பை அணைச்சுடுன்னு உன்கிட்டதானடி சொல்லிட்டு மாடிக்குப் போனேன்?"

டிரைவர் மிதிப்பதை நிறுத்தினார். குட்டி அப்பாவைப் பார்த்தாள். பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"ஆமாம்மா. நான்தான் மறந்துட்டேன்."

டிரைவர் வாயைத் திறந்தார். பிள்ளை காலையிலிருந்து அவரோடுதான் இருந்தாள். அவர்கள் படியிறங்கிப் போகும்போது அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் கருகின திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். நாக்கக்கா கண்டது அந்தக் கண்ஜாடையை மட்டும்தான். அப்பனும் மகளும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள், செல்லம் கொடுத்தே கெடுக்கிறார் என்று நினைத்தாள். ஆனால் அடுத்து அவர் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போட்டவர், நாளைக்கு லீவு போடுகிறேன், மூன்று பேரும் மூளை டாக்டரிடம் போகலாம் என்றார்.

டாக்டர் நடுவயதுப் பெண். சின்ன அறை. சுவரில் மூளையின் படம் தொங்கியது. அதைப் பார்க்கக்கூட நாக்கக்காவுக்குத் தைரியம் இல்லை. குட்டியைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் பிள்ளையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, நான் ஐந்து வார்த்தை சொல்கிறேன், கவனமாகக் கேட்டு மனதில் வைத்துக்கொள், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன் என்றார்.

"குடை. பாலம். எலுமிச்சை. கண்ணாடி. தபால்."

குட்டி அதைத் திருப்பிச் சொன்னாள். நல்லா ஞாபகம் வச்சுக்கோடி கண்ணு என்று நாக்கக்காவும் சொன்னாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

கேட்க வேண்டுமா? நாக்கக்கா கொட்டித் தீர்த்துவிட்டாள். தொழிற்சாலை, வெள்ளை, நிறப்பொடி, கோணல் பொட்டலம், சாவி, டீச்சர், உப்பு, நெருப்பு. ஒவ்வொன்றையும் சொல்லும்போது குட்டி மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நடுவில் ஒன்றே ஒன்று கேட்டார், நீங்கள் அந்தப் பொடியைத் தினமும் முழுங்குகிறீர்களா என்று. ஆமாம், அதனால் என்ன, என்னை விடுங்கள், பிள்ளையைப் பாருங்கள் என்றாள் நாக்கக்கா. டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அந்த மாதிரிப் பொடிகளைப் பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது, சந்தேகப்படுகிறவர்களும் உண்டு, ஒன்றுமில்லை என்கிறவர்களும் உண்டு, இதைத் தின்றதால்தான் இது வந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, மறதிக்கு வேறு நூறு காரணம் இருக்கலாம், சிலதுக்கு மருந்தும் உண்டு என்றார். நாக்கக்காவின் காதில் கடைசியில் சொன்னது மட்டும் விழுந்தது. மருந்து உண்டாமே என்று டிரைவரின் தொடையைத் தட்டினாள்.

பிறகு டாக்டர் குட்டியைப் பார்த்து, சொல்லும்மா என்றார்.

குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குடை, பாலம், எலுமிச்சை, கண்ணாடி, தபால்."

 நாக்கக்கா பிடித்திருந்த கையை விட்டுவிட்டு நெஞ்சில் கைவைத்தாள். தான் இத்தனை நாள் எதைச் சொல்லி எதற்காக அழுதாளோ, அதைப் பிள்ளை டாக்டர் முன்னாலேயே காட்டிவிட்டாள்.

"பாத்தீங்களா டாக்டர்? பாத்தீங்களா? குடைங்கறா, பாலம்ங்கறா... சம்பந்தா சம்பந்தம் இல்லாம உளறுறா பாருங்க."

 டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். டிரைவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பஸ்ஸில் எத்தனையோ விபத்தைப் பார்த்த மனுஷன், அவர் தோள் குலுங்குவதை நாக்கக்கா அன்றுதான் பார்த்தாள். எல்லோரும் தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. என்ன, பிள்ளைக்கு அவ்வளவு முற்றிவிட்டதா என்று கேட்டாள். 

"அம்மா, டாக்டர் இப்பதாம்மா சொன்னாங்க. அஞ்சு வார்த்தை. நீகூட ஞாபகம் வச்சுக்கோன்னு சொன்ன."

நாக்கக்கா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மெதுவாகத் தலையசைத்தார். அவள் யோசித்துப் பார்த்தாள். விளக்கடித்தது ஞாபகம் இருந்தது, முழங்காலைத் தட்டியது ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு தான் பேசியது ஞாபகம் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே ஒன்று இருந்தது என்கிற அடையாளம்கூட இல்லை.

டாக்டர் குட்டியிடம் ரொம்பத் தன்மையாகக் கேட்டார், அந்த சாவி, அந்த உப்பு, அதெல்லாம் யார் மறந்தது என்று. குட்டி செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். புதுச் செருப்பு, கீச்சென்று சத்தம் போட்டது. ஏன் நீயே மறந்ததாகச் சொன்னாய் என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"மறந்துட்டேன்னு சொன்னா அம்மா திட்டும், அவ்ளோதான். மறக்கலைன்னு சொன்னா அழும்."

சாவியும் கூட்டமும் உப்பும் அடுப்பும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நாக்கக்காவின் முன்னால் நின்றன. இரண்டு வில்லைகளும் வந்தன. திட்டு வாங்கிக்கொண்டு போன நாத்தனாரின் முகமும் வந்தது. இத்தனை நாள் பிள்ளையைச் சுற்றி அவள் கட்டிவைத்திருந்த பயம் அப்படியே திரும்பி அவள் மேலேயே சரிந்தது. நேற்று அந்தத் திரை எரியும்போது குட்டி வீட்டுக்குள் இருந்திருந்தால்? 

டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ரத்தம் எடுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், காரணம் தெரிகிறவரை யாரும் எதையும் முடிவு கட்ட வேண்டாம் என்றார். அதற்கு முன்னால் அதே ஐந்து வார்த்தை, இப்போது உங்களுக்கு என்று சொல்லி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நாக்கக்கா ஒவ்வொன்றையும் வாய்க்குள் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஐந்தையும் திருப்பிச் சொல்லவும் செய்தாள். டாக்டர் நன்று என்று சொல்லிவிட்டு வேறு ஏதேதோ கேட்டார், வீடு எத்தனையாவது மாடி, டிரைவர் எந்த வழித்தடத்தில் ஓட்டுகிறார், நூற்றிலிருந்து பின்னால் எண்ணுங்கள் என்று. அவள் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். மனதுக்குள் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"இப்ப சொல்லுங்கம்மா, அந்த அஞ்சும்."

"குடை," என்றாள் நாக்கக்கா. கொஞ்சம் பொறுத்து, "பாலம்," என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள். ஒரு சிட்டிகை வெள்ளை கூடினால் கண்டுபிடிக்கிற நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. டிரைவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கக்கா மகளின் பக்கம் திரும்பினாள். குட்டியின் உதடு திறந்தது. ஒரு எழுத்து வெளியே வரப் போனது. டாக்டர் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நீ சொல்லேன்டி குட்டி," என்றாள் நாக்கக்கா.

குட்டி அம்மாவின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லவில்லை.